கணக்கு யந்திரத்துக்குக் குரல் கொடுத்தவர்

காரைக்காலில் ஒரு கலியாண வீடு. காலையில் முகூர்த்தத்துக்கு நாதஸ்வரம் முழங்கி ஓய்ந்துவிட்டது. மாலை வரவேற்புக்கு இன்னிசைக் குழு வந்து இறங்குகிறது. கீபோர்டு வாசிக்கும் இளைஞர் கம்ப்யூட்டரைத் திறந்து வைக்கிறார். மெல்லிய வயர் ஒன்றை எடுத்துக் கம்ப்யூட்டரையும் கீபோர்டையும் இணைக்கிறார். அவ்வளவுதான்! மேடையில் ஒரு வயலின்கூட இல்லை; பத்து வயலின்கள் ஒலிக்கின்றன. தபலாக்காரர் வரவில்லை, தபலா கேட்கிறது.

பந்தலில் இருக்கும் பாட்டிமார்கூட இதைப் பார்த்து இப்போது அதிசயப்படுவதில்லை. பழகிப் போய்விட்டது. ஆனால், கூட்டவும் கழிக்கவும் செய்யப்பட்ட யந்திரம் அது. அதற்குச் சங்கீதம் எங்கிருந்து வந்தது? அதன் வாயை முதலில் திறந்து வைத்தவர்களில் ஒருவர் யார்?

அவர் சங்கீத வித்வான் அல்ல. கணித மேதை. இங்கிலாந்துக்காரர். ஆனால் அவரைப் பெற்ற தாயார் பிறந்த ஊர் எது தெரியுமா? கோயம்புத்தூரை அடுத்த போத்தனூர்!

அவர் பெயர் ஆலன் டூரிங்.

போத்தனூரில் பிறந்த பெண்

எட்வர்டு வாலர் ஸ்டோனி என்பவர் சென்னை ரயில்வேயில் தலைமை இஞ்சினீயராக இருந்தவர். அயர்லாந்து வம்சம். துங்கபத்திரை நதிக்குப் பாலம் கட்டியவர். அந்தக் காலத்தில் துரைமார் வீடுகளில் பங்கா இழுப்பார்கள் அல்லவா? அதன் சக்கரம் கிறீச் கிறீச் என்று சத்தம் போடும். சத்தம் போடாத பங்காச் சக்கரம் ஒன்றைக் கண்டுபிடித்து, அதற்கு உரிமையும் வாங்கினார் ஸ்டோனி. யந்திரத்தின் சத்தத்தை அடக்கினார் தாத்தா. யந்திரத்தைச் சத்தம் போட வைத்தார் பேரன்!

ஸ்டோனியின் மகள் எத்தல் சாரா. 1881ஆம் ஆண்டு போத்தனூரில் பிறந்தாள். சிறு வயதிலேயே அயர்லாந்தில் உள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். வளர்ந்த பிறகு பாரிஸ் நகரில் சில மாதம் சங்கீதமும் சித்திரமும் கற்றாள். பிறகு குன்னூரில் இருந்த பெற்றோரிடம் திரும்பி வந்தாள்.

ஜூலியஸ் டூரிங் என்ற இளைஞர் ஐ.சி.எஸ். தேறி 1896ல் சென்னையில் வந்து இறங்கியவர். சீமையில் பரீட்சைக்குப் படித்தபோதே தமிழும் படித்தவர். ஆனால் வேலை பெரும்பாலும் தெலுங்குச் சீமையில்தான் கிடைத்தது. 1907ல் விடுமுறைக்காகச் சீமைக்குப் புறப்பட்டார். கப்பலில் எத்தல் சாராவைச் சந்தித்தார். அதே ஆண்டு அக்டோபரில் டப்ளின் நகரில் இருவருக்கும் திருமணம் நடந்தது. மூத்த பையன் ஜான் 1908ல் குன்னூரில், தாத்தா வீட்டில் பிறந்தான்.

1911ஆம் ஆண்டு ஜூலியசுக்குச் சத்ரபூரில் உத்தியோகம். இன்று ஒடிசாவில் இருக்கும் அந்த ஊர் அன்று சென்னை ராஜதானியைச் சேர்ந்தது. அங்கே எத்தல் சாரா மறுபடியும் கர்ப்பமானாள். பிரசவத்துக்குச் சீமைக்குப் போனார்கள். 1912 ஜூன் 23ந் தேதி லண்டனில் ஆலன் பிறந்தான்.

இடம் கொஞ்சம் மாறியிருந்தால் அவனும் அண்ணனைப் போலக் குன்னூர்ப் பிள்ளையாகவே பிறந்திருப்பான்.

கடலுக்கு அப்பால் பெற்றோர்

இந்திய வெயில் வெள்ளைக்காரக் குழந்தைகளுக்கு ஆகாது என்பது அன்றைய நம்பிக்கை. ஆலனுக்கு ஒரு வயது நிறைவதற்குள் தந்தை வேலைக்குத் திரும்பினார். சில மாதத்தில் தாயும் கப்பல் ஏறினாள். பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்தின் தென்கரையில், ஓய்வு பெற்ற கர்னல் ஒருவர் வீட்டில் விடப்பட்டனர். பெற்றோர் விடுமுறைக்கு வரும்போதுதான் முகம் பார்க்கலாம்.

இது அன்று வழக்கம்தான். ஆனால் வழக்கம் என்பதால் குழந்தைக்கு ஏக்கம் இல்லாமல் போய்விடுமா? ஆலன் தனிமையில் வளர்ந்தான். எண்களோடு விளையாடினான். தெருவில் விளக்குக் கம்பங்களைப் பார்த்தால் அவற்றின் வரிசை எண்ணைப் படிக்க நின்றுவிடுவான். பெற்றோர் பிழைத்த சென்னை ராஜதானியை அவன் கடைசி வரை பார்க்கவே இல்லை.

பிற்பாடு பெற்றோர் இந்தியாவை விட்டு வந்தும் இங்கிலாந்தில் குடியேறவில்லை. பிரான்சின் கடற்கரையில் தினார் என்ற ஊரில் தங்கினர். 1926 மே மாதம் ஆலன் அங்கிருந்து ஷெர்போர்ன் என்ற ஊரில் உள்ள புதுப் பள்ளிக்குப் புறப்பட்டான். வயது 13. கப்பல் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் இறக்கிவிட்டது. இறங்கிப் பார்த்தால் நாடு முழுவதும் பொது வேலைநிறுத்தம்! ரயில் இல்லை. பையன் என்ன செய்தான்? சைக்கிளில் ஏறினான். வழியில் ஒரு சத்திரத்தில் இரவு தங்கினான். சுமார் 100 கிலோமீட்டர் மிதித்துப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தான். உள்ளூர்ப் பத்திரிகையில் இது செய்தியாக வந்தது.

பள்ளியில் அவனுக்கு ஒரே ஒரு உற்ற நண்பன். பெயர் கிறிஸ்டபர் மார்காம். நட்சத்திரங்களையும் கணக்குகளையும் இருவரும் சேர்ந்தே ஆராய்ந்தனர். 1930 பிப்ரவரியில் காசநோய் அந்த நண்பனைக் கொண்டு போயிற்று. மனிதன் இறந்த பிறகு அவன் மனம் என்ன ஆகிறது, மனம் என்பது உடம்பில் எங்கே இருக்கிறது என்ற கேள்விகள் அன்று முதல் ஆலனை விடவில்லை.

காகிதத்தில் ஒரு யந்திரம்

கேம்பிரிட்ஜில் படித்து, 22ஆம் வயதிலேயே அங்குள்ள கிங்ஸ் கல்லூரியின் ஆய்வாளர் பதவி பெற்றார் டூரிங். 1936ல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு யந்திரத்தைக் கற்பனை செய்தார். இரும்பும் இல்லை, சக்கரமும் இல்லை. முடிவில்லாத ஒரு காகிதப் பட்டை. அதில் கட்டம் கட்டமாகக் குறிகள். ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தை மட்டும் படித்து, அழித்து, எழுதும் ஒரு கருவி. கட்டளைகளை மாற்றிக் கொடுத்தால் போதும். ஒரே யந்திரம் எந்தக் கணக்கையும் செய்யும்!

அதற்கு முன் கணக்குக்கு ஒரு யந்திரம், நெசவுக்கு ஒரு யந்திரம் என்றுதான் இருந்தது. வேலைக்கு ஒரு யந்திரம் வேண்டாம், ஒரே யந்திரத்துக்கு வேலைக்கு ஒரு கட்டளை போதும் என்றார் டூரிங். இன்றைய கம்ப்யூட்டருக்கு அடிப்படை அந்த எண்ணமே. காரைக்கால் திருவேட்டக்குடியில் உள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகம் உட்பட, கம்ப்யூட்டர் படிப்பு உள்ள இடங்களில் எல்லாம் 'டூரிங் யந்திரம்' பாடத்தில் வரும்.

பாட்டுக்கென்று தனி யந்திரம் செய்ய வேண்டியதில்லை, கட்டளை எழுதினால் போதும் என்ற விஷயமும் இந்தக் கட்டுரைக்குள் ஒளிந்திருந்தது. அப்போது அது யாருக்கும் தோன்றவில்லை. டூரிங்குக்கும் தோன்றியிருக்காது.

ரகசிய மாளிகை

1939 செப்டம்பரில் இரண்டாவது மகாயுத்தம் மூண்டது. மறுநாளே டூரிங் பிளெச்லி மாளிகைக்குப் போய்விட்டார். ஜெர்மானியர் 'எனிக்மா' என்ற யந்திரத்தால் தங்கள் செய்திகளைப் புரியாத எழுத்துக்களாக மாற்றி ரேடியோவில் அனுப்பினர். அந்த யந்திரத்தை அமைக்கக்கூடிய வழிகள் ஏறக்குறைய 16 லட்சம் கோடி கோடி! போலந்து நாட்டுக் கணித அறிஞர்கள் அதில் ஏற்கெனவே முதல் வெற்றி கண்டிருந்தனர். அவர்கள் காட்டிய வழியில் மேலும் சென்று, 'பாம்' என்ற பெரிய யந்திரத்துக்குத் திட்டம் தந்தார் டூரிங். 1940 முதல் அது வேலை செய்தது. ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களின் செய்திகளை உடைக்கும் பிரிவுக்கும் அவரே தலைவர்.

ஆள் ஒரு விசித்திரப் பேர்வழி. பூக்காலத்தில் மகரந்தம் பட்டால் அவருக்குத் தும்மல் வரும். அதனால் விஷவாயு முகமூடி அணிந்து சைக்கிளில் போவார். தேநீர்க் குவளையை யாரும் எடுத்துப் போகாமல் இருக்கச் சங்கிலி போட்டுக் கட்டி வைப்பார். ஓட்டப் பந்தயத்தில் மட்டும் ஆள் சிங்கம். 1947ல் 42 கிலோமீட்டர் மாரத்தான் ஓட்டத்தை 2 மணி 46 நிமிஷத்தில் ஓடி முடித்தார்.

யுத்தக் கதை பலரும் எழுதியதுதான். பலர் எழுதாமல் விட்ட கதை ஒன்று உண்டு. காரைக்கால் கலியாண மேடைக்கு நெருக்கமானது அதுதான்.

பேச்சைத் துண்டு போட்டார்

1942 நவம்பரில் டூரிங் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். நியூயார்க்கில் பெல் கம்பெனியின் ஆராய்ச்சிச்சாலையில், தலைவர்கள் டெலிபோனில் ரகசியமாகப் பேசுவதற்கு ஒரு யந்திரம் தயாராகிக் கொண்டிருந்தது. ஒரு முனைக்கு வேண்டிய கருவி மட்டும் 50 டன்னுக்கு மேல் எடை! பேச்சை அது எண்களாக மாற்றியது. அந்த எண்களோடு ரகசிய எண்களைக் கூட்டி அனுப்பியது. மறுமுனையில் அதே ரகசிய எண்களைக் கழித்துவிட்டுப் பேச்சைத் திரும்ப உண்டாக்கியது. ரகசிய எண்கள் எங்கே இருந்தன? கிராமபோன் தட்டில்! இரு முனையிலும் ஒரே மாதிரித் தட்டு சுழலும்.

இந்தக் கருவியில் 'வோகோடர்' என்று ஒரு பகுதி இருந்தது. மனிதக் குரலைப் பிரித்து, பிறகு செயற்கையாகச் சேர்த்துக் கொடுப்பது அதன் வேலை. பிற்காலத்தில் அதே வோகோடர் சினிமாப் பாட்டுக்களில் யந்திரக் குரல் பாடுவதற்குப் பயன்பட்டது. யுத்தத்தில் உழைத்துவிட்டுப் பாட்டுக் கச்சேரிக்கு வந்து சேர்ந்தது!

டூரிங் அதைப் பார்த்துவிட்டுக் கப்பலில் திரும்பினார். கடல் பயணம் முழுவதும் ரேடியோ வால்வுகளைப் பற்றிய புஸ்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டே வந்தாராம். பிறகு ஹான்ஸ்லோப் என்ற இடத்தில், டான் பெய்லி என்ற இளம் இஞ்சினீயரின் துணையோடு தாமே ஒரு கருவி செய்தார். பெயர் 'டிலைலா'. பேச்சை விநாடிக்கு 4,000 தடவை அது துண்டு போட்டது. ஒவ்வொரு துண்டின் உயரத்தையும் அளந்து, அதோடு ரகசிய அளவு ஒன்றைச் சேர்த்து அனுப்பியது. 50 டன் கருவி எங்கே, மேஜை மேல் அடங்கும் இந்தக் கருவி எங்கே! சர்ச்சில் பேசிய தட்டு ஒன்றை ஓட்டிச் சோதித்தனர். நடுவில் கேட்டால் வெறும் இரைச்சல். மறுமுனையில் சர்ச்சில் பேசினார்.

ஆனால் கருவி முழுமை அடைந்தபோது யுத்தம் முடிந்துவிட்டது. டிலைலா பயன்படாமலே போயிற்று.

ஒலியைத் துண்டு போட்டு அளப்பது டூரிங் ஒருவரின் கண்டுபிடிப்பு அல்ல. அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயர் 1938லேயே பாரிஸில் இருந்தபோது அதற்கு உரிமை பெற்றார். ஆனால் அதைக் கையால் கம்பி பற்றவைத்துச் செய்து பார்த்த கணித மேதை டூரிங். இன்று குறுந்தட்டில் பாட்டுப் பதிவதும் இதே வித்தைதான். துண்டின் எண்ணிக்கை மட்டும் கூடுதல்: விநாடிக்கு 44,100.

யந்திரம் கூவியது

ஒலியை அளவுகளாக மாற்றியாயிற்று. அளவுகளை, எண்களை ஒலியாக்குவது அடுத்த கதை.

1948ல் டூரிங் மான்செஸ்டர் சர்வகலாசாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே கம்ப்யூட்டர் ஒன்று ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தது. 1951 பிப்ரவரியில் பெராண்டி கம்பெனி செய்த பெரிய கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. ஒரு பெரிய அறையை அடைத்துக்கொண்டு நின்றது.

அந்த யந்திரத்தில் ஒரு சிறு ஒலிபெருக்கியும் இருந்தது. 'ஹூட்டர்' என்பார்கள். ஊதுகுழல் என்று வைத்துக்கொள்ளலாம். குறிப்பிட்ட ஒரு கட்டளை கொடுத்தால், ஒலிபெருக்கியில் 'டிக்' என்று ஒரு சிறு சத்தம் வரும். அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம்.

யந்திரத்தை இயக்குவது எப்படி என்று டூரிங் ஒரு கைப்புஸ்தகம் எழுதினார். அதில் இந்த ஹூட்டருக்கும் இடம் கொடுத்தார். ஒரு தடவை கட்டளை கொடுத்தால் ஒரு 'டிக்'. அதே கட்டளையைத் திரும்பத் திரும்ப, ஒரே சீராக, மிக வேகமாகக் கொடுத்தால்?

கிராமத்துப் பையன்கள் சைக்கிள் சக்கரத்தில் அட்டையைச் செருகி ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மெதுவாக ஓட்டினால் டப், டப் என்று தனித்தனியாகக் கேட்கும். வேகமாக மிதித்தால் டப்பெல்லாம் ஒன்றாகி 'ர்ர்ர்' என்ற ஒரே நாதம் ஆகிவிடும். இன்னும் வேகம் கூடினால் நாதம் மேலே ஏறும். அதுவேதான் இதுவும். விநாடிக்குச் சுமார் 262 'டிக்' வந்தால், அது கீபோர்டின் நடுவில் உள்ள 'சி' கட்டை. 440 வந்தால் அதற்கு மேலே உள்ள 'ஏ' கட்டை. கம்ப்யூட்டர் ஸ்வரம் பேசுகிறது!

டூரிங் இதைச் சங்கீதத்துக்காகச் செய்யவில்லை. கணக்கு முடிந்தால் ஒரு ஸ்வரம், தவறு நேர்ந்தால் வேறு ஸ்வரம் என்று வைத்தார். இரவில் யந்திரத்தைக் காவல் காப்பவருக்கு அது உதவும். இளமையில் வயலின் கொஞ்சம் கற்றவர்தான்; ஆனாலும் ஸ்வரங்களைக் கோத்துப் பாட்டாக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு எழவில்லை. சாவியைச் செய்து வைத்துவிட்டுக் கதவைத் திறக்காமல் போய்விட்டார் என்று சொல்லலாம்.

பள்ளி உபாத்தியாயர் வந்தார்

கதவைத் திறந்தவர் கிறிஸ்டபர் ஸ்ட்ரேச்சி. ஹாரோ பள்ளியில் உபாத்தியாயர். டூரிங்குக்கு முன்பே அறிமுகம் ஆனவர். பியானோ நன்றாக வாசிப்பார். டூரிங்கின் கைப்புஸ்தகத்தை வாங்கிப் படித்தார். பக்கம் பக்கமாகக் கட்டளை எழுதினார். அதுவரை அந்த யந்திரத்தில் யாரும் அவ்வளவு நீளமான கட்டளைத் தொகுதியை ஏற்றியதில்லை.

1951ல் ஒரு நாள் மாலை மான்செஸ்டருக்கு வந்தார். டூரிங் யந்திரத்தைப் பற்றிக் கடகடவென்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஸ்ட்ரேச்சி இரவு முழுவதும் தனியே உட்கார்ந்து வேலை செய்தார். மறுநாள் காலை அனைவரும் கூடி இருக்க, கட்டளைத் தொகுதி ஓடி முடிந்தது. கடைசியில் யந்திரம் பிரிட்டிஷ் தேசிய கீதத்தை வாசித்தது! எல்லாரும் திகைத்தனர். டூரிங் அதிகம் பேசுகிறவர் அல்லர். இரண்டே வார்த்தையில் பாராட்டினார்.

அதே ஆண்டு பி.பி.சி. ரேடியோக்காரர்கள் வந்து யந்திரத்தின் பாட்டைத் தட்டில் பதிந்தனர். தேசிய கீதம், ஒரு குழந்தைப் பாட்டு, ஒரு நடனப் பாட்டின் சிறு பகுதி. நடனப் பாட்டின் நடுவில் யந்திரம் தகராறு செய்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்ததும் தட்டில் பதிந்துவிட்டது.

யந்திரத்தை முதலில் பாட வைத்தவர்கள் ஆங்கிலேயர்தாமா? ஆஸ்திரேலியாவும் அந்தப் பெருமைக்கு உரிமை கொண்டாடுகிறது. சிட்னியில் இருந்த கம்ப்யூட்டரும் 1951 வாக்கில் பாட்டு வாசித்தது. ஆனால் அன்று அதை யாரும் பதிந்து வைக்கவில்லை. பதிவில் நிற்பது மான்செஸ்டர் தட்டு.

வயரில் போவது என்ன?

அந்த 'டிக்'கிலிருந்து கலியாண மேடைக்கு வர இன்னும் சில படிகள் ஏற வேண்டியிருந்தது. 1957ல் அமெரிக்காவில் மாக்ஸ் மாத்யூஸ் என்பவர், எண்களை நேரே ஒலி அலையாக மாற்றி 17 விநாடிப் பாட்டு ஒன்றைக் கம்ப்யூட்டரில் உண்டாக்கினார். பெல் ஆராய்ச்சிச்சாலைக்காரர்தான் அவரும். 1964ல் ராபர்ட் மூக் என்பவர் மின்சாரத்தால் நாதம் உண்டாக்கும் 'சிந்தசைசர்' கருவியை அறிமுகம் செய்தார். 1983 ஜனவரியில், வெவ்வேறு கம்பெனிகள் செய்த இரண்டு கீபோர்டுகளை ஒரே வயரால் இணைத்துக் காட்டினர். அந்த முறைக்கு 'மிடி' என்று பெயர். 1986ல் வந்த 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கம்ப்யூட்டர் துணையோடு இசை அமைத்தார்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. புதிதாகக் கீபோர்டு வாங்குகிறவர்கள் பலர் ஏமாறுவது இதில்தான்.

கம்ப்யூட்டரிலிருந்து இரண்டு விதமான சரக்கு வெளியே வரும். ஒன்று ஒலி. ஏற்கெனவே பாடி முடித்த பாட்டு, எண்களாக வரும். டிலைலா செய்தது போலத் துண்டு போட்ட ஒலி. கிராமபோன் தட்டைத் தபாலில் அனுப்புவது போன்றது. மற்றொன்று கட்டளை. 60ஆம் எண் கட்டையை அழுத்து, இவ்வளவு பலமாக அழுத்து, இப்போது விடு என்று சொல்லும். இதில் ஒலியே கிடையாது. நாதஸ்வர வித்வானுக்கு ஸ்வரம் எழுதிய காகிதத்தை அனுப்புவது போன்றது. வாசிப்பது அவர் பொறுப்பு.

மிடி வயரில் போவது காகிதம். விநாடிக்கு 31,250 குறிகள்தாம் அதில் போகும். பாட்டு முழுவதையும் ஒலியாக அனுப்ப அது போதாது. ஆகையால் கம்ப்யூட்டரின் ஒலித் துவாரத்திலிருந்து ஒரு வயரை எடுத்துக் கீபோர்டின் மிடித் துவாரத்தில் செருகினால் ஒன்றும் கேட்காது. கீபோர்டு பழுதில்லை, கம்ப்யூட்டரும் பழுதில்லை. தட்டை எதிர்பார்க்கும் இடத்தில் காகிதத்தையும், காகிதத்தை எதிர்பார்க்கும் இடத்தில் தட்டையும் கொடுத்தால் அப்படித்தான். கம்ப்யூட்டரின் ஒலி கீபோர்டின் ஒலிபெருக்கியில் கேட்க வேண்டுமானால், கீபோர்டில் ஒலி வாங்கும் துவாரம் தனியே இருக்க வேண்டும். சில கீபோர்டுகளில் ஒரே யு.எஸ்.பி. வயர் இரண்டையும் சுமக்கும். பலவற்றில் கட்டளை மட்டும்தான்.

தட்டின் வழி, காகிதத்தின் வழி. இந்த இரண்டு வழியிலும் ஆரம்பத்திலேயே நடந்து பார்த்தவர் டூரிங். இரண்டு தடவையும் அவர் தேடிப் போனது சங்கீதம் அல்ல.

1952ல் நடந்தது

1951ல் அவருக்கு ராயல் சொஸைட்டி உறுப்பினர் பதவி கிடைத்தது. அடுத்த ஆண்டு, பூவும் புலித்தோலும் எப்படி வரி வரியாக வடிவம் பெறுகின்றன என்று கணிதத்தால் விளக்கும் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அதே 1952 ஜனவரியில் அவர் வீட்டில் திருட்டு நடந்தது. போலீசுக்குச் சொன்னார். துப்பு விசாரித்த போலீசார் திருடனை விட்டுவிட்டு டூரிங்கையே பிடித்துக்கொண்டனர். ஓர் ஆணோடு அவருக்கு உறவு இருந்தது தெரிய வந்ததே காரணம். இங்கிலாந்தில் அன்று அது குற்றம். டூரிங் எதையும் மறைக்கவில்லை.

மார்ச் 31ந் தேதி கோர்ட்டு தண்டனை விதித்தது. சிறைக்குப் பதிலாக ஓராண்டு ஹார்மோன் மருந்து. ஆண்மையை அடக்குவதற்காகப் பெண் ஹார்மோனைச் செலுத்தினர். ஓட்டப்பந்தய வீரரின் உடம்பு ஊதிப் போயிற்று. சர்க்காரின் ரகசிய வேலைகளிலிருந்தும் அவரை விலக்கிவிட்டனர். யுத்தத்தில் அவர் செய்ததை வெளியே சொல்ல முடியாது; ரகசியச் சட்டம் வாயைக் கட்டியிருந்தது. கோர்ட்டில் நின்றவர் யார் என்று ஊருக்குத் தெரியவில்லை.

இந்தியாவில் அவருடைய தந்தை எந்தச் சட்டப் புஸ்தகத்தை வைத்துக்கொண்டு உத்தியோகம் பார்த்தாரோ, அந்த 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்திலும் இதே போன்ற பிரிவு இருந்தது. 377ஆவது பிரிவு. வயது வந்தவர்கள் சம்மதித்து நடந்துகொள்வதற்கு அது பொருந்தாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2018 செப்டம்பர் 6ந் தேதிதான் தீர்ப்புச் சொன்னது. பிரான்சோ 1791லேயே அந்தக் குற்றத்தைத் தன் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது.

1954 ஜூன் 7ந் தேதி டூரிங் இறந்தார். மறுநாள் வீட்டு வேலைக்கு வந்த அம்மாள் பார்த்தார். படுக்கையின் அருகில் பாதி கடித்த ஆப்பிள் பழம். உடம்பில் சயனைடு விஷம். தற்கொலை என்று விசாரணையில் முடிவு கட்டினர். ஆப்பிளைச் சோதித்துப் பார்க்கவே இல்லை. வீட்டில் ரசாயனச் சோதனை செய்யும்போது நேர்ந்த விபத்து என்றே தாயார் சாகும் வரை நம்பினார். அவருக்கு 42 வயது நிறைய இன்னும் 16 நாள்தான் இருந்தது. காரைக்காலில் அன்று பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது; அது இறங்கியது அந்த ஆண்டின் பிற்பகுதியில்.

தாயார் எழுதிய புஸ்தகம்

போத்தனூரில் பிறந்த எத்தல் சாரா, மகனுக்குப் பிறகு 20 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். மகனின் பள்ளிக் கடிதங்களையும் காகிதங்களையும் சேர்த்து வைத்து, 1959ல் அவருடைய வாழ்க்கை வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார். யுத்த காலத்தில் மகன் என்ன வேலை பார்த்தார் என்பது அதை எழுதியபோது அவருக்கே முழுமையாகத் தெரியாது. பிளெச்லி ரகசியம் 1974ல்தான் நன்கு வெளியாயிற்று. 1976ல் அந்த அம்மாள் காலமானார். குழந்தையை விட்டுவிட்டுக் கப்பல் ஏறிய தாய், அந்தக் குழந்தையின் கதையை முதலில் ஊருக்குச் சொன்னார்.

2009ல் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுன், டூரிங்குக்கு இழைத்த கொடுமைக்காகச் சர்க்காரின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். 2013 டிசம்பரில் ராணியின் மன்னிப்பு வந்தது. 2021ல், அவருடைய பிறந்த தேதியாகிய ஜூன் 23ல், அவர் படம் போட்ட 50 பவுண்டு நோட்டு வெளியாயிற்று.

பி.பி.சி. பதிந்த தட்டு என்ன ஆயிற்று? அதன் பிரதி ஒன்றை மான்செஸ்டரில் இருந்த இஞ்சினீயர் ஒருவர் பத்திரமாக வைத்திருந்தார். 2016ல் நியூஜீலந்தைச் சேர்ந்த ஜாக் கோப்லாண்டு, ஜேசன் லாங் என்ற இருவர் அதை ஆராய்ந்தனர். கேட்டவுடனே சந்தேகம் தட்டியது. தட்டில் இருந்த சில ஸ்வரங்களை அந்த யந்திரத்தால் எழுப்பவே முடியாது! யந்திரத்தின் 'டிக்' தன் தாளத்தை விட்டு நகராது. ஆகையால் சில ஸ்வரங்களைத்தான் அது எட்டும். மற்றவற்றுக்குக் கிட்டத்தட்டப் போகும், அவ்வளவே. அப்படியானால் தட்டுதான் தவறான வேகத்தில் ஓடியிருக்க வேண்டும்.

டூரிங்கின் கைப்புஸ்தகத்தை எடுத்தனர். யந்திரம் எழுப்பக்கூடிய ஸ்வரங்களைக் கணக்கிட்டனர். தட்டில் கேட்ட ஸ்வரங்களோடு ஒப்பிட்டு, வேகம் எவ்வளவு பிசகியது என்று கண்டுபிடித்தனர். பிசகைத் திருத்தி, இரைச்சலைக் களைந்தனர். 65 ஆண்டுகளுக்கு முன் மான்செஸ்டர் அறையில் கேட்ட நாதம் அதே சுருதியில் மறுபடியும் கேட்டது. வண்டு ரீங்காரம் இடுவது போன்ற குரல். நடுவில், சுற்றி நின்றவர்களின் சிரிப்பு.